வீடும் ஒரு பள்ளிதான், ஆனால்...



நம் தமிழில் 'பள்ளி' என்னும் சொல்லுக்குப் பொருள் பல உண்டு. பிள்ளைகள் பயிலும் இடத்தையும் பள்ளி என்கிறோம். ஐவேளை தொழும் இடத்தையும் பள்ளி என்கிறோம். சிற்றூர்கள் பலவற்றின் பெயரிலும் அச்சொல்லே நிற்கிறது. நான் வாழும் ஊரின் பெயரிலும் அது இருக்கிறது. திருவள்ளூர் மாவட்டத்தில், வங்கக் கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல் திட்டில் உள்ளது காட்டுப்பள்ளி. வடக்கே போனால் பழவேற்காடு. தெற்கே போனால் எண்ணூர். 2010ஆம் ஆண்டு கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் இங்கே இயங்கத் தொடங்கியது. 2013இல் துறைமுகம் செயல்படத் தொடங்கியது. என் கணவருக்கு அத்துறைமுகத்தில் சரக்குப் பெட்டகங்களைக் கணக்கெடுக்கும் வேலை கிடைத்ததனால், பழவேற்காட்டில் பிறந்த நான் மீனவக் குடும்பங்களின் நடுவே குடிவந்தேன்.

வீட்டிலேயே பிள்ளைக்குக் கல்வி புகட்டுவது பற்றி இன்று நகரத்துத் தாய்மார் பலர் ஆர்வத்தோடு பேசுகின்றனர். நம் சமுதாயத்துச் சகோதரிகளும் அதைப் பற்றிக் கேட்கின்றனர். என் மகளை இரண்டரை ஆண்டுகள் வீட்டில் வைத்துக் கற்பித்தவள் என்ற முறையில் என்னிடமும் சிலர் கேட்டதுண்டு. அவர்களுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன். இதில் மகிழத்தக்கதும் உண்டு. எச்சரிக்கையாய் இருக்க வேண்டியதும் உண்டு.

நன்னி ஓதிக் கொடுத்த காலம்

வீட்டுக் கல்வி என்பது மேலைநாட்டிலிருந்து வந்த புதுமை என்று எவரேனும் கூறினால், நம் வீட்டுப் பெரிய பெண்மணிகளை அவர்கள் அறியமாட்டார்கள் என்றே பொருள். நாங்கள் 'நன்னி' என்று அழைத்த என் பாட்டியார் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. கூட்டுறவுக் கடை அட்டையில் கைநாட்டுத்தான் வைப்பார்கள். ஆனால் அஸருக்குப் பின் திண்ணையில் பாய் விரித்து, அக்கம்பக்கத்துச் சிறுமியர்க்குக் குர்ஆன் ஓதக் கற்றுக் கொடுத்தது அவர்கள்தாம். அத்துடன் அரபுத் தமிழ் நூல்களைத் தடையின்றி வாசித்துப் பொருளும் சொல்வார்கள்.

அரபுத் தமிழ் என்பது என்ன என்று இளைய தலைமுறைச் சகோதரிகள் கேட்கக்கூடும். தமிழ் மொழியை அரபு எழுத்தால் எழுதும் முறையே அது. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கென, இருக்கும் எழுத்துகளோடு புள்ளிகளைக் கூட்டிப் புதிய எழுத்துகளை நம் முன்னோர் அமைத்துக்கொண்டனர். கீழக்கரையில் வாழ்ந்து 1898இல் மறைந்த இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்களின் 'மகானீ' போன்ற மார்க்கச் சட்ட நூல்கள் இவ்வெழுத்தில் அச்சேறி, தமிழகத்திலும் இலங்கையிலும் முஸ்லிம் வீடுகளின் அடுக்களை வரை சென்றன. குர்ஆன் ஓதத் தெரிந்த பெண்ணுக்கு அரபு எழுத்து முன்பே பழக்கமாயிற்றே! அந்த எழுத்தில் அவளுடைய தாய்மொழியே வந்து நின்றபோது, பள்ளிக்கூடம் செல்லாமலே அவள் வாசகியாகிவிட்டாள். கைநாட்டு வைத்த என் நன்னி உண்மையில் படித்த பெண்மணி. அவர்கள் படித்த எழுத்தை அரசு அலுவலகம் அறியவில்லை, அவ்வளவே.

இன்னும் பின்னோக்கிச் சென்றால், அண்ணல் நபி (ஸல்) அவர்களின் காலத்திலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்னும் அம்மையார் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுத்துக் கற்பித்தவர்கள் அவர்களே. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாக இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நபிமொழிகள் நமக்குக் கிடைத்துள்ளன. ஆண்களும் பெண்களும் விளக்கம் வேண்டி அவர்களிடம் வந்தனர். ஒரு பெண்ணின் வீடு கல்விக்கூடமாக விளங்குவது நமக்குப் புதிதன்று.

பூட்டிய பள்ளியும் திறந்த திண்ணையும்

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். தமிழகத்தில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் மீண்டும் திறந்தது 2021 நவம்பர் முதல் நாள்தான். ஏறத்தாழ இருபது மாதங்கள்! நகரத்துப் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கைபேசியும் மேசையும் இருந்தன. எங்கள் பகுதியில் வீட்டுக்கு ஒரு கைபேசி இருந்தாலே பெரிது. அதுவும் தந்தையோடு கடலுக்கோ வேலைக்கோ போய்விடும். கல்வித் தொலைக்காட்சி நல்ல துணையாக இருந்தது. ஆனால் தொலைக்காட்சியிடம் பிள்ளை ஐயம் கேட்க முடியாதல்லவா?

ஊரடங்கு தளர்ந்த பிறகு எங்கள் தெருவில் தாய்மார் ஏழு பேர் கூடினோம். நாங்கள் மூவர் முஸ்லிம்கள். நால்வர் மீனவக் குடும்பத்துச் சகோதரிகள். எங்களுள் ஆசிரியர் பயிற்சி பெற்றவர் எவருமில்லை. ஆயினும் ஆளுக்கொன்று தெரிந்திருந்தது. மீன் ஏலத்தில் நாள்தோறும் நிற்கும் சகோதரி ஒருவர், காகிதமோ கருவியோ இன்றிக் கணக்குப் போடுவதில் கெட்டிக்காரர்; மனக்கணக்கு அவர் பொறுப்பாயிற்று. தையல் தெரிந்தவர் அளவுகளைக் கற்பித்தார். என் பங்கு தமிழ். இன்னொரு சகோதரி பன்னிரண்டாம் வகுப்பில் தேறியவர். திருமணத்துக்குப் பிறகு புத்தகத்தைத் தொடாதவர். அவருக்கு ஆங்கிலப் பாடம் வந்து சேர்ந்தது. 2021 அக்டோபரில் தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி'த் திட்டத்தைத் தொடங்கி, மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தன்னார்வலர்களை அழைத்தது. தொடக்க வகுப்புகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும் என்றார்கள். பெட்டியின் அடியில், திருமணப் புடவைக்குக் கீழே கிடந்த அந்தச் சகோதரியின் சான்றிதழ் அன்றைக்கு வெளியே வந்தது. மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை பெரிய பணமில்லைதான். ஆனால் தாம் படித்தது வீண்போகவில்லை என்று அவர் முகத்தில் தெரிந்த பெருமிதத்துக்கு விலையுண்டா?

ஏரியே பாடநூல்

வீட்டுக் கல்வியின் முதல் இன்பம், பாடத்தை வாழ்க்கையின் நடுவிலிருந்தே எடுக்கலாம் என்பதுதான். பழவேற்காட்டு ஏரியைவிடச் சிறந்த பாடநூல் எங்களுக்கு வேறெங்கே கிடைக்கும்?

ஏரியில் வலையிடும் உரிமையை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் இப்பகுதி மீனவரிடம் தலைமுறைகளாக உண்டு. அதைப் 'பாடு' என்பார்கள். இன்ன நாளில் இன்ன இடம் இன்னாருக்கு என்று ஊரே முடிவு செய்யும். நல்ல இடம் ஒருவருக்கே போய்விடாமல் காக்கும் ஏற்பாடு அது. இதையே வகுத்தல் கணக்காக்கினோம். "மூன்று பாடு, நாற்பத்திரண்டு வலைக்காரர். ஒருவருக்கு எத்தனை நாளுக்கொரு முறை வாய்ப்பு வரும்?" பதினான்கு என்று பிள்ளைகள் உடனே கூறிவிட்டார்கள். "இன்னும் இருவர் சேர்ந்தால்?" என்றதும் திகைத்தார்கள். மீதி இரண்டு என்றால் என்ன என்பது அன்று கரும்பலகை இல்லாமலே விளங்கியது. மீதியுள்ள இருவரையும் விட்டுவிடலாமா என்று நான் கேட்டபோது, ஏழு வயது மீனவச் சிறுவன், "விட்டா சண்டை வரும்" என்றான். கணக்கோடு நீதியும் சேர்ந்து வந்தது பாருங்கள்!

அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் ஓதம் பெருகும் என்பது மீனவப் பிள்ளைகளுக்குத் தெரியும். பிறை பார்த்து ரமழான் நோன்பு தொடங்குவது நம் பிள்ளைகளுக்குத் தெரியும். ஒரே நிலவைத்தான் இரு வீட்டாரும் பார்க்கிறோம் என்பது திண்ணையில் ஒன்றாய் அமர்ந்தபோதுதான் பிள்ளைகளுக்கு விளங்கியது. ஒவ்வொரு நாளும் ஓதம் முக்கால் மணிக்குச் சற்றுக் கூடுதலாகத் தாமதிப்பதையும், நிலவும் ஏறத்தாழ அதே அளவு தாமதித்து எழுவதையும் இரண்டு வாரம் குறித்து வைத்தார்கள். அவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னதும் அவர்களே காரணத்தைத் தேடத் தொடங்கினர்.

பழவேற்காட்டு முஸ்லிம் பெண்கள் பனையோலை முடைவதில் பெயர்பெற்றவர்கள். குருத்தோலையை ஒரே அகலத்தில் கிழித்து, சாயமிட்டு, கூடையாகவும் பெட்டியாகவும் ஆக்குவார்கள். ஓர் ஓலை குறைந்தாலும் கோலம் பிசகிவிடும். இரட்டைப்படை, ஒற்றைப்படை, கோணம், சுற்றளவு ஆகிய அனைத்தும் அந்த முடைச்சலில் அடங்கியுள்ளன. குளிர்காலத்தில் ஏரிக்கு வரும் பூநாரைகளும், 1613இல் டச்சுக்காரர் எழுப்பிய கெல்டிரியா கோட்டையின் எச்சங்களும், டச்சுக் கல்லறைகளும் அறிவியலுக்கும் வரலாற்றுக்கும் துணை வந்தன.

மகளை வீட்டில் வைத்தது ஏன்?

பள்ளிகள் திறந்ததும் ஆறு தாய்மார் பிள்ளைகளை அனுப்பினர். என் மகனையும் அனுப்பினேன். ஆனால் ஒன்பது வயது மகளை அனுப்பவில்லை. அதற்கொரு காரணம் இருந்தது.

அவளுக்குப் பேச்சு திக்கும். கேலிக்குப் பயந்து, முன்பே வகுப்பில் வாய் திறக்காதவளாகிவிட்டாள். வருகைப் பதிவின்போது "உள்ளேன்" என்ற ஒரு சொல்லைச் சொல்லவும் முடியாமல் கையை மட்டும் உயர்த்துவாள். இருபது மாத இடைவெளிக்குப் பிறகு மீண்டும் பள்ளி என்றதும் இரவில் உறக்கத்தை இழந்தாள். நானும் கணவரும் கலந்து பேசி, பேச்சுப் பயிற்சியாளரிடமும் ஆலோசித்து, அவள் வாய் திறக்கும் வரை வீட்டில் கற்பிப்பது என்று முடிவு செய்தோம். 'வரை' என்ற சொல்லைக் கவனியுங்கள், சகோதரிகளே. பின்னால் அதைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பயிற்சியாளர் எங்களுக்குச் சொன்ன அறிவுரைகள் எளியவை. அவள் பேசும்போது இடையில் சொல்லை எடுத்துக் கொடுக்காதீர்கள். "மெதுவாகப் பேசு" என்று அதட்டாதீர்கள். வாயைப் பார்க்காமல் முகத்தைப் பாருங்கள். அவள் முடிக்கும் வரை காத்திருங்கள். எளியவைதாம், ஆனால் அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது ஒரு வாக்கியத்துக்கு முழு நிமிடம் காத்திருப்பது எவ்வளவு கடினம் என்பதைத் தாய்மார் அறிவீர்கள். திக்குகிறவர்கள் பலரோடு சேர்ந்து வாசிக்கும்போதும் பாடும்போதும் பெரும்பாலும் திக்குவதில்லை. ஆகவே பஜ்ருக்குப் பின் அவளும் நானும் சேர்ந்தே ஓதினோம். என் குரலைச் சிறுகச் சிறுகத் தணித்துக்கொண்டே வருவேன். ஒருநாள் பாதிப் பக்கம் அவள் தனியாகவே ஓதியிருந்தாள்; அதை அவள் அறியவில்லை. தம் நாவின் முடிச்சை அவிழ்க்குமாறு இறைவனிடம் இறைஞ்சிய மூஸா (அலை) அவர்களின் வரலாற்றைச் சொன்னபோது, "நபிக்குமா உம்மா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை ஒருமுறைகூடத் திக்காமல் கேட்டாள்.

நாளின் ஒழுங்கையும் சொல்லிவிடுகிறேன். காலையில் இரண்டு மணி நேரம் பாடநூல். அரசு வெளியிட்ட அதே நூல்கள்தாம். பிறகு வீட்டு வேலையில் சிறு பங்கு. பிற்பகலில் வாசிப்பு. மாலையில் திண்ணைப் பிள்ளைகளோடு கலந்து கற்றல். வெள்ளிக்கிழமை விடுமுறை. மாதம் ஒருமுறை எங்கள் குழுவிலுள்ள வேறொரு தாய் அவளைச் சோதிப்பார். தாயே ஆசிரியையாகவும் தாயே தேர்வாளராகவும் இருந்தால், பிள்ளையின் குறை தாயின் கண்ணுக்குத் தெரியாமல் போகக்கூடும். அதற்காகவே இந்த ஏற்பாடு.

ஒரு சகோதரியின் கேள்வி

2024 கோடை விடுமுறையில் எங்கள் குழுவிலுள்ள சகோதரி ஒருவர் என்னிடம் வந்தார். அவருடைய மூத்த மகள் எட்டாம் வகுப்பு முடித்திருந்தாள். நன்றாகப் படிக்கும் பெண். "வயதுக்கு வந்துவிட்டாள் அக்கா. பேருந்தில் அனுப்ப அவள் அத்தாவுக்கு மனமில்லை. நீங்கள் உங்கள் மகளை வீட்டில் வைத்துப் படிக்க வைக்கவில்லையா? நானும் அப்படியே வைத்துக்கொள்கிறேன் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டேன்" என்றார்.

அன்று இரவு நான் வெகுநேரம் சிந்தித்தேன். ஒரே சொல்லை இருவர் இருவேறு பொருளில் பயன்படுத்துகிறோம் என்பது விளங்கியது. நான் வீட்டுக் கல்வி என்றது, மூடிய வாயைத் திறப்பதற்காக. அவர் குடும்பத்தார் வீட்டுக் கல்வி என்றது, திறந்திருக்கும் கதவை மூடுவதற்காக. என் வீட்டுத் திண்ணை ஒரு பெண்ணின் படிப்பை நிறுத்துவதற்குச் சான்றாகிவிடலாமா?

இது அந்த ஒரு வீட்டின் செய்தியன்று. நம் சமுதாயத்தில் பருவமெய்திய பெண்ணை வீட்டோடு நிறுத்தும் வழக்கம் பல ஊர்களில் ஆழ வேரூன்றியிருந்தது. நாகூரில் 1917இல் பிறந்த சித்தி ஜுனைதா பேகம் அவர்கள் மூன்றாம் வகுப்பு வரையே பள்ளியில் பயின்றவர்கள். ஆயினும் வீட்டிலிருந்தே கற்று, 1938இல் 'காதலா கடமையா' என்னும் நாவலை வெளியிட்டார்கள். தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையர் அதற்கு முன்னுரை வழங்கினார். துவரங்குறிச்சியில் பிறந்த கவிஞர் சல்மா அவர்களின் பள்ளிப் படிப்பு பதின்மூன்று வயதளவில் நின்றது. நூல்களைத் துணையாகக் கொண்டு எழுத்தாளராகி, 2001இல் ஊராட்சித் தலைவராகவும், 2025இல் மாநிலங்களவை உறுப்பினராகவும் ஆனார்கள்.

"பார்த்தீர்களா, வீட்டிலிருந்தே இவ்வளவு உயர முடிகிறதே" என்று இவ்வரலாறுகளைக் காட்டிச் சிலர் கூறுவார்கள். நான் கேட்கிறேன்: அவர்களோடு அதே வயதில் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட மற்றச் சிறுமியர் எங்கே? அவர்களுடைய பெயர்கள் நமக்குத் தெரியுமா? மூடிய கதவைத் தம் வல்லமையால் திறந்த ஒருவரைக் காட்டி, கதவை மூடியது சரிதான் என்று வாதிடுவது நீதியாகாது.

ஆகவே அந்தச் சகோதரியிடம் மூன்று கேள்விகளை வைத்தேன். வீட்டில் கற்க எண்ணும் ஒவ்வொரு குடும்பமும் இவற்றைத் தமக்குத் தாமே கேட்டுக்கொள்வது நல்லது.

ஒன்று: இம்முடிவு யாருடைய தேவைக்காக எடுக்கப்படுகிறது? பிள்ளையின் தேவைக்கா, ஊர் வாய்க்கு அஞ்சும் பெரியவர்களின் தேவைக்கா?

இரண்டு: வீட்டில் யார், எந்நேரத்தில், எந்தப் பாடத்தைக் கற்பிப்பார்? இதற்கு விடை இல்லையென்றால் அது கல்வியன்று. சமையலுக்கும் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்வதற்கும் ஓர் ஆள் கிடைத்ததாகவே முடியும்.

மூன்று: திரும்பிச் செல்லும் வழி எது? எந்தத் தேர்வை, எந்த ஆண்டில் எழுதப்போகிறாள்? என்று மீண்டும் பள்ளிக்கோ கல்லூரிக்கோ செல்வாள்?

மூன்றாவது கேள்விக்கு அவரிடம் விடையில்லை. நாங்கள் நால்வர் சேர்ந்து அவர் வீட்டுக்குச் சென்றோம். மாமியார் முதலில் முகம் கொடுக்கவில்லை. பேருந்துதான் கவலை என்றால், அதே வழியில் செல்லும் மீனவக் குடும்பத்துப் பெண்கள் இருவரோடு சேர்ந்து போகட்டும் என்றோம். அவ்விருவரின் தாய்மாரும் எங்களோடு வந்திருந்தார்கள். "எங்க பொண்ணுங்களோட இதுவும் ஒரு பொண்ணு, நாங்க பார்த்துக்கிறோம், பெரியம்மா" என்று அவர்களுள் ஒருவர் சொன்னபோதுதான் அந்த முதியவர் தலையசைத்தார். அப்பெண் இன்றும் பள்ளிக்குச் செல்கிறாள். பத்தாம் வகுப்புக்குப் பின் என்ன என்பது அவ்வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. நாங்களும் போய் வருவதை நிறுத்தவில்லை.

சட்டமும் சான்றிதழும்

2009ஆம் ஆண்டின் இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயது முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகளுக்குக் கல்வியை உரிமையாக்கியது. பள்ளியில் சேராத பிள்ளையையும், இடையில் நின்ற பிள்ளையையும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும், ஈடுகொடுக்கச் சிறப்புப் பயிற்சியும் அளிக்க வேண்டும் என்பது அச்சட்டத்தில் உள்ள பிரிவு. பலர் இதை அறியாமல், "இத்தனை ஆண்டு போய்விட்டதே, இனி எந்த வகுப்பில் சேர்ப்பார்கள்?" என்று சோர்ந்துவிடுகின்றனர்.

வேறு வழிகளும் உண்டு. தமிழகத்தில் பன்னிரண்டரை வயது நிறைந்தவர் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். மைய அரசு 1989இல் தொடங்கிய தேசியத் திறந்தநிலைப் பள்ளி, 2002 முதல் தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனம் என்று வழங்குகிறது. அதில் பதினான்கு வயது நிறைந்தவர் பத்தாம் வகுப்புக்கு இணையான படிப்பில் சேரலாம். ஒரே முறையில் எல்லாப் பாடங்களையும் எழுத வேண்டிய கட்டாயமில்லை; பதிவு ஐந்தாண்டு செல்லும். இடையில் படிப்பை விட்ட தாய்மாருக்கும் இது ஏற்ற வழி. ஆனால் சேருமுன், பிள்ளை பின்னர் செல்ல விரும்பும் கல்லூரியும் பணியும் அச்சான்றிதழை எவ்வாறு ஏற்கின்றன என்பதை எழுத்து வடிவில் கேட்டறிந்துகொள்ளுங்கள். தேர்வெழுதிய பின் அலைவதைவிட முன்பே விசாரிப்பது நலம்.

கூடிக் கற்பிப்பதன் பலன்

ஒரு தாய் தனியாக இப்பணியைச் சுமப்பது மிகக் கடினம். அமெரிக்காவில் ஜான் ஹோல்ட் என்னும் ஆசிரியர் 1977இல், 'பள்ளியின்றி வளர்தல்' என்று பொருள்படும் பெயரில் ஒரு சிற்றிதழைத் தொடங்கினார். வீட்டில் பிள்ளைகளுக்குக் கற்பித்த பெற்றோர், ஊர்தோறும் சிதறிக் கிடந்தவர்கள், தம் ஐயங்களையும் அச்சங்களையும் அதில் கடிதங்களாக எழுதினர். அக்கடிதங்களே அவர்களை ஒரு சமூகமாக்கின. அந்நாட்டின் ஐம்பது மாநிலங்களிலும் வீட்டுக் கல்வி சட்டத்துக்கு உட்பட்டதாக ஆனது 1993 வாக்கில்தான். ஜெர்மனியோ இன்றும் பொதுவாக அதை அனுமதிப்பதில்லை. பிள்ளை பிறரோடு கலந்து வளர வேண்டும் என்பது அந்நாட்டின் வாதம். இரு பக்கமும் உண்மை இருக்கிறது என்பதே என் கருத்து. பிள்ளைக்குத் தாயின் பொறுமையும் வேண்டும். தன் வீட்டாரல்லாத மனிதர்களும் வேண்டும்.

எங்கள் ஏழு பேர் குழு இவ்விரண்டையும் தந்தது. ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் மற்றொருத்தி பாடம் எடுத்தாள். "இன்று எனக்குப் பொறுமையே இல்லை" என்று வாய்விட்டுச் சொல்ல ஓரிடம் கிடைத்தது. துறைமுகத்தின் கப்பல் கட்டும் தளத்துக்காக ஊர் இடம்பெயர்ந்த கதையை மீனவச் சகோதரி ஒருவர் பிள்ளைகளுக்குச் சொன்னபோது, அதே துறைமுகத்தின் சம்பளத்தில் உண்ணும் என் பிள்ளைகளும் அமர்ந்து கேட்டார்கள். எந்தப் பாடநூலிலும் கிடைக்காத பாடமல்லவா அது?

என் மகளின் செய்தியைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் கோபிப்பீர்கள். பன்னிரண்டு வயதில் அவளே, "உம்மா, நான் பள்ளிக்கூடம் போகிறேன்" என்றாள். "இத்தனை நாள் வீட்டில் இருந்தவள்தானே, பெரியவளாகும் வயதில் எதற்கு?" என்று உறவினர் தடுத்தார்கள். 'வாய் திறக்கும் வரை' என்று நாங்கள் வைத்த கெடு முடிந்துவிட்டது என்று என் கணவர் அவர்களுக்கு விடை சொன்னார். 2024 ஜூனில் ஏழாம் வகுப்பில், அவள் வயதுப் பிள்ளைகளோடே சேர்ந்தாள். இன்னும் திக்குகிறது. அவசரத்திலும் கோபத்திலும் அதிகமாகத் திக்குகிறது. ஆனால் வருகைப் பதிவின்போது கையை உயர்த்துவதில்லை. எவ்வளவு நேரமானாலும் சொல்லியே தீருகிறாள்.

சகோதரிகளே! உங்கள் வீட்டுத் திண்ணையோ கூடமோ எவ்வளவு சிறியதாயினும் அதில் ஒரு பள்ளிக்கு இடமுண்டு. பிள்ளை பள்ளிக்குச் சென்றாலும் சரி, சில காலம் வீட்டில் கற்றாலும் சரி, நாளில் ஒரு மணி நேரத்தை அதற்கென ஒதுக்குங்கள். அண்டை வீட்டுத் தாயையும் அழையுங்கள். அவர் எம்மதத்தவராயினும் அழையுங்கள். உங்கள் பெட்டியின் அடியில் கிடக்கும் சான்றிதழை எடுத்துத் தூசி தட்டுங்கள். ஆனால் உங்கள் தெருவில் ஏதேனும் ஒரு பெண்ணைக் காட்டி, "இவள் வீட்டில் படிக்கிறாள்" என்று எவரேனும் சொன்னால், என்ன படிக்கிறாள், யார் கற்பிக்கிறார், எந்தத் தேர்வு எழுதப்போகிறாள் என்று அன்போடு கேளுங்கள். விடை இல்லையென்றால் அந்த வீட்டுக்கு நால்வராகச் செல்லுங்கள்.

நம் பெண்மக்களுக்குப் பயனுள்ள கல்வியையும், அதைத் தடையின்றித் தேடும் வழியையும் வல்ல இறைவன் அருள்வானாக! ஆமீன்.